மெயின்சுவிட்ச் பாரிசுக்குப் போனார்

பாரிஸ் நகரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். பாரிஸ் நகரத்தை வலம் வந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருவண்ணாமலைக்காரர், எனக்கு வீட்டு ஓனர், பெயர் மெயின்சுவிட்ச்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட அதை அச்சடித்திருப்பார்கள். ஆனால் செங்கம் ரோட்டிலிருந்து பிரிந்து ஆசிரமத்துக்குப் பின்பக்கம் போகிற எங்கள் சந்தில், தபால்காரர் முதல் தயிர்க்காரம்மா வரை எல்லோருக்கும் அவர் மெயின்சுவிட்ச்தான். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார். பட்டப்பெயருக்குக் கோபித்துக்கொண்டால் கத்த வேண்டும், கத்தினால் தண்ணீர் குடிக்க வேண்டும், தண்ணீர் மேலே ஏற மோட்டார் போட வேண்டும் என்று யோசிக்கிற மனிதர் அவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, அவர் வீட்டில் குடியேறினேன். கீழே அவரும் மனைவி பச்சையம்மாளும். மாடியில் நாலு ரூம். மூன்றில் வெளிநாட்டுக்காரர்கள், ஒன்றில் நான். மாடிப்படிக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் மெயின் சுவிட்ச். பெட்டிக்குப் பூட்டு. பூட்டின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். ராத்திரி ஒன்பது மணிக்கு 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மின்சாரம் என்று ஒன்றை யாரோ கண்டுபிடித்ததற்கான அடையாளமே இருக்காது.

குடிபோன மறுநாளே கேட்டேன். "ஓனர், ஃபேன் இல்லாம எப்படித் தூங்கறது?"

"ஜன்னல தொறந்து வெச்சிக்கோ தம்பி. மலக்காத்து ஜிலுஜிலுன்னு வரும். அதுக்கு நான் ஜாஸ்தி வாங்கறேனா?"

திறந்து வைத்தேன். மலையிலிருந்து கொசு வந்தது.

நான் இப்படிப் புழுங்கிக்கொண்டிருக்க, பக்கத்து ரூம்காரர்கள் அந்த இருட்டைக் கொண்டாடினார்கள். அது ஓனர் கடைப்பிடிக்கிற ஏதோ ஆன்மிக நியமம் என்று அவர்களுக்கு எண்ணம். ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குப் போய், 'அந்த வீட்டில் தினமும் இருள் அருளப்படுகிறது' என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த சீசனில் ஒரு கும்பலே வந்து இறங்கியது. ஒன்பது மணிக்கு முன்பாகவே மொட்டைமாடியில் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு 'டொக்'குக்குக் காத்திருப்பார்கள். ஒருநாள் டொக் கேட்டதும் ஒரு பெண் விசும்பி விசும்பி அழ ஆரம்பித்துவிட்டாள். மெயின்சுவிட்ச் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னா தம்பி, ஏன் அழுவுது அந்தப் பொண்ணு? கரண்டு வேணுமாமா?"

"இல்ல ஓனர். பேரின்பமாம்."

"அப்ப சரி. அதுக்கு மீட்டர் ஓடாது."

வெளிநாட்டுக்காரர்கள் என்றாலே நம்மூரில் பணக்காரர்கள் என்று நினைப்பார்கள். அவர்களுடைய உண்மையான மேன்மையைக் கண்டுபிடித்தவர் மெயின்சுவிட்ச் ஒருவர்தான். அது கஞ்சத்தனம். கடல் தாண்டி வந்தவன், தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்காக வெயிலில் நின்று மணிக்கணக்கில் வாதாடுவான். ஒரே ஒரு மூட்டையோடு வருவான். ரூமுக்குள் கயிறு கட்டி, அரை பக்கெட் தண்ணீரில் அத்தனை துணியையும் அலசிக் காயப்போடுவான். இதையெல்லாம் மெயின்சுவிட்ச் மாடிப்படியில் நின்று கண்கொட்டாமல் பார்ப்பார்.

"இவன்தான் தம்பி மனுசன்" என்று உருகுவார். "இவனுங்க நம்ம ஊர்ல வந்து சல்லிசா இருந்துட்டுப் போறானுங்க. நம்மாளு ஒருத்தன் அவனுங்க ஊருக்குப் போயி அதே மாதிரி சல்லிசா இருந்து காட்டணும். அப்பதான் சரிக்குச் சரி."

நாங்கள் சிரித்தோம். திருவண்ணாமலையிலிருந்து போளூர் போகவே, பஸ்ஸா, தெரிந்தவர் டிராக்டர் ஏதாவது வருகிறதா என்று அரைநாள் பார்க்கிற மனிதர் அவர்.

அந்த வீட்டில் இருள் அருளுக்கு மயங்காத ஒரே வெளிநாட்டவர் கிளேர் மேடம். பாரிசில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒவ்வொரு வருஷமும் தீபத்துக்கு முன்னால் வருவார், வெயில் ஏறியதும் கிளம்புவார். மாடியில் மூலை ரூம் அவருடையது. கிளேர் என்ற பெயர் பச்சையம்மாள் வாயில் நுழையாமல் கௌரியாகிவிட்டது. சந்து முழுக்க அதே பெயர் பரவியும் விட்டது. "மிஸ்டர் ஓனர், திஸ் இஸ் நாட் மெடிட்டேஷன். திஸ் இஸ் எலெக்ட்ரிக் பில்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து மெயின்சுவிட்சுக்கு அவர் மேல் தனி மரியாதை. இருவரும் தினமும் சண்டை போடுவார்கள். இவர் தமிழில் கத்துவார், அவர் பிரெஞ்சில் கத்துவார், கடைசியில் இரண்டு பேருமே ஜெயித்த முகத்தோடு போவார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது மேடம் தவறாமல் ஒன்று சொல்வார். "மிஸ்டர் ஓனர், யூ கம் பாரிஸ். மை ஹவுஸ், யுவர் ஹவுஸ்."

"யெஸ் யெஸ்" என்று இவர் தலையாட்டுவார்.

டாக்சி தெருமுனை திரும்பியதும் பச்சையம்மாள் சொல்வார். "சொம்மா ஒப்புக்குச் சொல்றாங்க. நீ போயி நின்னா கதவத் தொறப்பாங்களா?"

இப்படி வருஷங்கள் ஓடின. அப்புறம் ஒரு மாசி மாதம், மேடம் ஊருக்குக் கிளம்ப இருந்த வாரம், அது நடந்தது. மேடம் காலி பாட்டிலோடு தண்ணீர் பிடிக்க மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். மணி ஒன்பது. 'டொக்' கேட்டது. கூடவே இன்னொரு சத்தமும் கேட்டது.

நான் டார்ச்சோடு ஓடினேன். மேடம் கடைசிப் படியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. மெயின்சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் கையில் சாவியோடு நின்றார். "ஒம்பதுன்னா ஒம்பது. செவுத்துலயே எழுதி வெச்சிருக்கேன்" என்றார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

"வாய மூடுய்யா" என்றார் பச்சையம்மாள். கட்டிய நாளிலிருந்து புருஷனை அவர் அப்படிப் பேசியதில்லை. "அந்தச் சாவியப் புடுங்கிக் கெணத்துல போட்டாத்தான் நீ அடங்குவ."

கட்டுப் போட்டுக்கொண்டு மேடம் கிளம்பினார். "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று எல்லோருக்கும் கை காட்டினார். டாக்சியில் ஏறியதும் வழக்கம்போல, "யூ கம் பாரிஸ்" என்றார். இந்தத் தடவை இவர் யெஸ் சொல்லவில்லை. டாக்சியின் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கார்த்திகை வந்தது. மேடம் வரவில்லை. ஒரு தகவலும் இல்லை.

தீபத்தின்போது எங்கள் ஊரில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகைக்கு ஆள் வரும். அந்த வருஷம் மெயின்சுவிட்ச் மூலை ரூமைப் பூட்டியே வைத்திருந்தார். வாசலில் வந்து கெஞ்சியவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "பெயிண்டு அடிக்கணும் தம்பி" என்றார். பெயிண்ட் டப்பா எதுவும் வரவில்லை. சந்து சும்மா இருக்குமா? கௌரி மேடம் எதிர்வரிசை லாட்ஜுக்கு மாறப்போவதாக டீக்கடையில் ஒருவர் சொன்னார். கால் போயே போய்விட்டது என்று இன்னொருவர் சொன்னார். யார் என்ன சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசுகிற ஓனர், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

சித்திரையில் ஒருநாள் என் ரூம் வாசலில் வந்து நின்றார். "தம்பி, நான் பாரிசுக்குப் போறேன்."

"எதுக்கு ஓனர்?"

"எதுக்குன்னா? சல்லிசா சுத்திப் பாக்கத்தான்."

தண்ணீர் பிடிக்கப் போனபோது பச்சையம்மாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சுத்திப் பாக்கறாராமா! அந்தம்மா நம்ம மேல கோவமா கீறாங்களா இல்லியானு தெரியாம மனுசனுக்குத் தூக்கம் வர்ல. கேட்டுப் பாரு, செத்தாலும் ஒத்துக்க மாட்டாரு."

நான் போய்க் கேட்டேன். "ஒரு லெட்டர் போட்டாப் போதாதா ஓனர்?"

"லெட்டர் போட்டு, வராதன்னு எழுதிட்டாங்கன்னா?" என்றார்.

"அப்ப ஒரு போனாவது பண்ணிட்டுப் போங்க."

"சொல்லிட்டுப் போனா அது விருந்தாளி தம்பி. சிரிச்சிதான் ஆவணும். சொல்லாம போயி எதிர்ல நிக்கணும். கோவமா இல்லியானு அப்பதான் மூஞ்சில தெரியும்."

அவருக்கு எப்படி விசா கிடைத்தது என்பது பாண்டிச்சேரி ஏஜெண்டுக்கும் அண்ணாமலையாருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன முதுகு மூட்டையைத் தூசி தட்டி எடுத்தார். அதற்குள் சத்துமாவு, பருப்புப்பொடி, நைலான் கயிறு, ஒரு எவர்சில்வர் தூக்கு, ஒரு பிளாஸ்டிக் மக். "அங்க தண்ணி கெடையாதாமே, பேப்பராமே" என்று மக்கைப் பற்றி விளக்கினார். எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் காய வைக்கிற ஒரு கரண்ட் காயில். அதை எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாடி ரூம்களில் யார் காயில் போட்டாலும் பிடுங்கிக்கொள்வது அவர் வழக்கம். அது ஜெர்மன்காரருடையது.

பாரிசில் இருந்ததிலேயே சல்லிசான விடுதியில் இறங்கினார். ஒரே ரூமில் அடுக்குக் கட்டில்கள், சுற்றிலும் வாலிபப் பிள்ளைகள். இவருக்கு மேல் கட்டில். "ரயில்ல படுத்த மாதிரியே இருந்திச்சி தம்பி. எறங்கற ஊருதான் வர்ல" என்றார் திரும்பி வந்து மொட்டைமாடியில் கதை சொன்னபோது. அவரை முதலில் ஆட்டிவைத்தது சூரியன். அங்கே கோடையில் ராத்திரி வெகுநேரம் வெளிச்சம் இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"ஒம்பது மணிக்கு வெயிலடிக்குது தம்பி! கடியாரத்தப் பாக்கறேன், வெளிய பாக்கறேன். அம்மாம்பெரிய ஊர்ல அத ஆஃப் பண்றதுக்கு ஒரு ஆள் கெடையாது."

சரி, இருக்கிற வெளிச்சத்தில் கஞ்சி காய்ச்சுவோம் என்று தூக்கில் தண்ணீர் பிடித்து, காயிலைப் போட்டு, சுவரில் சொருகினார். டொக். அந்த மாடி மொத்தமும் அணைந்தது. எங்கேயோ தலை காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். மூக்கில் வளையம் போட்ட மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்து, காயிலைப் பிடுங்கிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை விரலால் தட்டித் தட்டிக் காட்டினான்.

"நீங்க என்ன சொன்னீங்க ஓனர்?"

"நான் இன்னா சொல்றது? செவுத்துலயே எழுதி வெச்சிருக்கான். நியாயந்தானே. அவன் நல்ல ஓனரு."

மறுநாள் மேடம் வீட்டைத் தேடிக் கிளம்பினார். என்றோ மேடம் எழுதிக் கொடுத்த விலாசம் சட்டைப்பையில் இருந்தது. மேனேஜர் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, 'டவருக்கு அந்தப்பக்கம்' என்று கை காட்டினான். ஈபிள் டவர் ஜன்னலிலேயே தெரிந்தது. அங்கேதான் தப்பு நடந்தது. மற்ற ஊர்க்காரர்கள் கிழக்கு மேற்கு பார்த்து வழி கண்டுபிடிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: உயரமாகத் தெரிவதை வலக்கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்படி நடந்தால் நினைத்தது நடக்கும் என்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் நடக்கிறார்கள். மெயின்சுவிட்ச் டவரை வலக்கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஆறு குறுக்கே வந்தது. பாலம் ஏறினார். மறுபடியும் அதே ஆறு வந்தது. மறுபடியும் பாலம் ஏறினார். டவர் வலக்கைப்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார். மச்சான் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ காலைக் கடித்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வலம் வருகிறவருக்கு அதுதான் முறையாகவும் பட்டது. களைத்துப்போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஷூவைப் பக்கத்தில் வைத்தார். போகிற வழியில் ஒரு கனவான் அந்த ஷூவுக்குள் காசு போட்டுவிட்டுப் போனார்.

"பாத ஓரம் உக்காந்தா அங்கயும் போடறாங்க தம்பி. நம்ம ஊர் மாதிரியேதான். வேணாம்னு சொல்ல நாம யாரு?"

பொழுது சாய்கிற நேரத்தில் (வெயில் சாயவில்லை) அவர் போய்ச் சேர்ந்த இடம், காலையில் புறப்பட்ட அதே விடுதி. "கரெக்டா பொறப்பட்ட எடத்துக்கே வந்துட்டேன். ஒரு எடத்துலகூட பாத தப்பல" என்று எங்களிடம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மேடம் வீடு வரலியே ஓனர்?"

"அது பாதையில இல்ல."

அடுத்த நாள் வலத்தைக் கைவிட்டார். வழியில் கண்ட ஒவ்வொருவரிடமும் விலாசத்தை நீட்டினார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோன ஒரு பெண், அவரைக் கூடவே கூட்டிப்போய் அந்த வீட்டு வாசலில் விட்டாள். பெரிய மரக்கதவு. தட்டினால் யாருக்கும் கேட்காது. பக்கத்தில் நம்பர் பட்டன்கள். சரியான நம்பரை அழுத்தினால்தான் கதவு திறக்குமாம். இவருக்கு எந்த நம்பரும் தெரியாது. ஆனால் எங்கள் சந்தில் மாடிவீட்டுக்காரர்களை எப்படிக் கூப்பிடுவது என்பது தெரியும். நடுத்தெருவில் போய் நின்றார். கையை வாயோரம் குவித்தார்.

"கௌரீ மேடம்! ஓ கௌரீ மேடம்!"

தெருவில் இருந்த ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. எதிர்மாடியில் ஒருவர் செல்போனை எடுத்தார், போலீசுக்காக இருக்கலாம். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் கடைசியாகத் திறந்தது. அவரைக் கௌரி என்று கூப்பிடுகிற தெரு உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு; அது பாரிசில் இல்லை. மேடம் கீழே பார்த்தார். இவர் மேலே பார்த்தார். கோபமா இல்லையா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. கதவு மட்டும் 'டர்ர்' என்று தானாகத் திறந்தது.

இதுவரை பொங்கிப் பொங்கிக் கதை சொன்ன மெயின்சுவிட்ச் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா. மேல போனேன். காபி குடுத்தாங்க. வந்துட்டேன்."

"கோவமா இருந்தாங்களா?"

"காபி குடுத்தாங்கன்னு சொல்றேனே" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் ஊர் திரும்பிய ரெண்டாம் நாள் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. ஓனர் நல்ல தூக்கத்தில் இருந்தார். பச்சையம்மாள் எடுத்தார். அந்த உரையாடலை அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.

"மேடம்தான் தம்பி. 'வேர் இஸ் ஓனர், வேர் இஸ் ஓனர்'னு ஒரே பதட்டம். நான் 'ஓனர் ஸ்லீப்பிங்'னேன். 'வேர் ஸ்லீப்பிங்?'னாங்க. 'ஹவுஸ்'னேன். அப்புறம் அவங்க பாஷையில எம்மா நேரம் பேசனாங்க தெரியுமா? என்னமோ படபடன்னு. கடைசியில 'ஐ யாம் கமிங்'னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க."

"வரேன்னு சொன்னாங்களா?"

"ஆமா. போன வெக்கறப்ப 'வரேன்'னு சொல்லிட்டுத்தானே வெப்பாங்க? மரியாதையான பொம்பள."

எனக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. நானும் தமிழன்தானே.

கார்த்திகை பிறந்தது. மூலை ரூம் இன்னும் பூட்டிக் கிடந்தது; பெயிண்ட் இன்னும் வந்தபாடில்லை. ஒருநாள் காலை, பக்கெட்டை ஓட்டையாக்கியது யார் என்று மெயின்சுவிட்ச் ஒரு இத்தாலிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் சென்னை டாக்சி வந்து நின்றது. முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. அதைத் தொடர்ந்து மேடம் இறங்கினார். நேராக ஓனரிடம் வந்தார். தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"யூ செட் கமிங்! ஐ மேக் சூப்!"

மெயின்சுவிட்ச் திருதிருவென்று விழித்தார். பச்சையம்மாள் ஓடிவந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தாலிக்காரர் பக்கெட்டோடு நழுவினார்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பாரிசில் மேடம் வீட்டில் காபி குடித்துவிட்டு எழுந்த நம் ஓனர், வாசலில் நின்று கைகூப்பி, "ஐ யாம் கமிங், மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். மறுநாள் விடிகாலை அவருக்கு விமானம். விடுதிக்குப் போய் மூட்டையை எடுத்துக்கொண்டு வரப்போகிறார் என்று மேடம் நினைத்துவிட்டார். மை ஹவுஸ் யுவர் ஹவுஸ் என்று வருஷக்கணக்காகச் சொன்னது வீண்போகவில்லை என்று சந்தோஷமாகப் படுக்கையை விரித்து, அடுப்பில் சூப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார். சூப் ஆறியது. மறுபடி சுட வைத்தார். மறுபடி ஆறியது.

காலில் அடிபட்டதிலிருந்து மேடம் வீட்டைவிட்டு இறங்குவதையே நிறுத்தியிருந்தார். மளிகை சாமானெல்லாம் வாசலுக்கே வரும். இனி எங்கே திருவண்ணாமலை என்று மனசையும் தேற்றிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் மறுநாள் தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். விடுதிக்குப் போனார்; மூட்டையோடு கிளம்பிவிட்டார் என்றார்கள். டவருக்குக் கீழே இருக்கிற புல்வெளி முழுக்கத் தேடினார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், 'கையில் ஷூவோடு ஒருவர் தொலைந்துவிட்டார்' என்று புகார் கொடுக்கப் பார்த்தார். கடைசியில்தான் போன். இவ்வளவு தூரம் நடக்க முடிகிற கால் இன்னும் கொஞ்ச தூரமும் நடக்கும் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

எங்கள் பக்கம் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள், வருகிறேன் என்றுதான் சொல்வார்கள் என்று நான் மேடத்துக்கு விளக்கினேன்.

"அப்படியானால் இந்த வீட்டு பிளம்பர் வருஷா வருஷம் 'கமிங், கமிங்' என்றாரே, அதுவும் அதுதானா?"

"இல்லை மேடம். அவர் வருகிறேன் என்றுதான் சொன்னார். வரவில்லை, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் பாரிஸ் மாடிப்படிக் கதையின் மிச்சத்தை மேடம்தான் எனக்குச் சொன்னார். அந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் படிக்கட்டு விளக்கை ஒருமுறை தட்டினால் கொஞ்ச நேரம் எரியும், பிறகு தானாகவே அணைந்துவிடும். கரண்ட் மிச்சம். மேடம் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார், மேலே யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் கும்மிருட்டு. விளக்கைத் தட்டினார். இரண்டு மாடிகளுக்கு நடுவே, ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தார் மெயின்சுவிட்ச். ஏற வேண்டிய படி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. மேடம் தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கு மறுபடி அணைந்தது. இவர் அந்த இருட்டில் தமிழில் பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. நடுவில் அழுதார்.

"எனக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. மெயின் சுவிட்ச். ஒம்பது" என்றார் மேடம். "எனக்குக் கோபம் இருந்தது. நிறைய இருந்தது. அவரைத் திட்டுவதற்கு ஒரு வருஷமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் பேசி முடித்தபோது எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை."

அதற்கு முன்னால், அன்று காலையிலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும். விளக்கமெல்லாம் முடிந்து, சிரித்து ஓய்ந்து, மேடம் தன் ரூமுக்குப் போகத் திரும்பினார். எல்லோருடைய கண்ணும் தடியைப் பார்த்தது, பிறகு படியைப் பார்த்தது. "ஸ்லோ, ஸ்லோ. நோ ப்ராப்ளம்" என்று மேடம் முதல் படியில் தடியை வைத்தார்.

மெயின்சுவிட்ச் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. தன் கட்டிலைத் தானே முதுகில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தார். "புடி தம்பி" என்றார். பிடித்தேன். கட்டில், பாய், துணிமூட்டை, பச்சையம்மாளின் சாமி படங்கள் எல்லாம் மாடியில் மூலை ரூமுக்கு ஏறின. கீழே அவர்களுடைய படுக்கையறை, அந்த வீட்டிலேயே சேர்ந்தாற்போல் பாத்ரூம் இருந்த ஒரே ரூம், மேடத்துக்கு.

டீக்கடையில் கேட்டார்கள். "இன்னா மெயின்சுவிட்ச், கீழ் ரூமுக்கு நல்ல ரேட்டோ?"

"பின்ன? டபுள் ரேட்டு" என்றார்.

பழைய வாடகைக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை என்று பச்சையம்மாள் என்னிடம் சொன்னார். "வெளிய சொல்லாத தம்பி. அவருக்கு அவமானமாப் போயிடும்" என்றும் சொன்னார்.

இதனால் அவர் திருந்திவிட்டார் என்று நினைப்பவர்கள் அவருக்கு வாடகை கொடுத்ததில்லை. ஒன்பது மணி டொக் ஒருநாளும் தவறவில்லை. ஒரே ஒரு மாற்றம், பெட்டி கீழே இருந்தது, படுக்கை மேலே போய்விட்டது. ஆகவே தினமும் ராத்திரி மெயின்சுவிட்ச் கீழே இறங்கி வருவார். மேடத்தின் ரூம் கதவைத் தட்டி, "மேடம், ஒம்பது. சிட் டவுன், சிட் டவுன்" என்பார். அவர் உட்கார்ந்துவிட்டதாக உள்ளேயிருந்து குரல் வந்தால்தான் அணைப்பார். பிறகு சுவரைத் தடவித் தடவி, முட்டி இடித்து, யாரையோ திட்டிக்கொண்டே இருட்டில் படியேறி வருவார்.

அந்த மூலை ரூமுக்கும் என் ரூமுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான். படுத்ததும் குறட்டை விடுவார். மாற்றலாகி அந்த ஊரைவிட்டுப் போகும்வரை அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கினேன். உண்மையைச் சொன்னால் அது கேட்காத நாட்களில் எனக்குத் தூக்கம் வராமல் போயிற்று. அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடைசிவரை அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாடகையை ஏற்றியிருப்பார்.